மந்தியின் குரலுக்குக் காத்திருந்த மான்

மலைக்காட்டில் தீப்பிடித்தது. மான் கூட்டம் திசைக்கொன்றாகச் சிதறியது. பவளம் என்ற புள்ளிமான் தன் குட்டியை முன்னால் விரட்டிக்கொண்டு, ஓடு ஓடென்று ஓடி, கடைசியில் சமவெளியில் இருந்த ஓர் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தது.

குட்டியின் பெயர் பொட்டு. நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்ததால் அந்தப் பெயர். அம்மா சொல்லைத் தட்டாத குட்டி.

ஏரிக்கரை நல்ல இடம்தான். தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அறுகம்புல் மண்டிக் கிடந்தது. ஆனால் உயரமான மரம் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. அங்கங்கே குட்டையாகக் கருவேலம், சூரைப்புதர், அவ்வளவுதான். உயர்ந்த மரம் இல்லாத இடத்தில் மந்தி எங்கிருந்து வரும்? பவளத்துக்கு அதுதான் பெரிய குறை.

மலைக்காட்டில் மான்களுக்குக் காவலே மந்திகள்தான். மந்திகள் மரத்து உச்சியில் உட்கார்ந்து, தின்றது போக மிச்சத்தைக் கீழே போடும். மான்கள் அதைப் பொறுக்கித் தின்னும். புலியோ சிறுத்தையோ தலைகாட்டினால், மந்தி இருமுவது மாதிரி "கக்! கக்!" என்று கத்தும். அந்தக் குரல் கேட்டால் ஓடு, கேட்காவிட்டால் பயப்படாமல் மேய். பவளம் பிறந்ததிலிருந்து படித்த பாடம் இது ஒன்றுதான். அந்தப் பாடம் அதன் உயிரைப் பலமுறை காப்பாற்றியும் இருந்தது.

"வாங்கக்கா, வாங்க! தீயில தப்பிச்சு வந்தீங்களாமே! பாவம், குட்டி வேற!" என்று புதரிலிருந்து ஒரு முயல் வரவேற்றது.

பவளம் பதில் சொல்வதற்குள் தலைக்கு மேலே ஒரே கூச்சல்! "டிட்டி டிட்டூ! டிட்டி டிட்டூ!" மஞ்சள் கால் குருவி ஒன்று பவளத்தின் கொம்பில்லாத தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

"ஐயோ, என்ன இது! காது கிழியுதே!" என்றது பவளம்.

"அது ஆள்காட்டிக் குருவிக்கா. தரையிலதான் முட்டை போடும். நீங்க அது பக்கத்துல போயிட்டீங்க, அதான்! கொஞ்சம் தள்ளி நடங்க, அடங்கிடும். இந்த ஏரிக்கு அதுதான் காவல்காரி."

"இத்தனூண்டு குருவியா காவல்? எங்க காட்டுல மந்தி இருந்துச்சு. எவ்வளவு கம்பீரமான குரல் தெரியுமா!"

முயலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது. "இருக்கட்டும்க்கா. ஆனா இங்க இது கத்துறதைத்தான் நாங்க எல்லாரும் கேட்டு நடக்கிறோம். காக்கா வந்தா தரையில நின்னபடி விட்டுவிட்டுக் கத்தும். கீரி வந்தா தாழப் பறந்து கத்தும். சிறுத்தை வந்தா மட்டும் நிறுத்தாம கத்திக்கிட்டே உயரப் போய், அது பதுங்கியிருக்கிற இடத்துக்கு நேர் மேல வட்டம் போடும். வட்டம் போட்டா, பின்னங்கால் பிடரியில அடிக்க ஓடிடணும்! கொஞ்ச நாள் காது கொடுத்தா பழகிடும்."

"நல்லா இருக்கே கதை! காக்காவுக்கு ஒரு கத்தல், கீரிக்கு ஒரு கத்தலா? இதையெல்லாம் படிக்க எனக்கு ஏது பொழுது? ஆபத்துன்னா மந்தி கத்தும். எனக்கு அது போதும்."

"இங்க மந்தியே இல்லையேக்கா!"

"வரும், வரும். மரம் வளர்ந்தா வரும்" என்று சொல்லிவிட்டு பவளம் மேயப் போனது. முயல் புதருக்குத் திரும்பியது. ஊரோடு ஒத்துப்போக மாட்டேன் என்று அடம் பிடிப்பவரிடம் யார் என்ன சொல்ல முடியும்?

அன்றிலிருந்து பவளத்தின் வாயில் ஒரே பேச்சுதான். "எங்க காட்டுல புல்லு இனிக்கும்." "எங்க காட்டுத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்." "எங்க காட்டுல பகல்ல இப்படியா வெயில் கொளுத்தும்?" இருப்பதிலேயே உயரமான கருவேல மரத்தின் கீழே போய் நிற்கும். தலையைத் தூக்கிப் பார்க்கும். மேலேயிருந்து பழம் விழாது, முள்தான் விழும். பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பிவிடும். அதையும் குறை சொல்லக்கூடாது. வீடு வாசல் எரிந்துபோன ஜீவன், ஏக்கம் இருக்கத்தானே செய்யும்?

பொட்டுவுக்கு அந்த ஏக்கமெல்லாம் இல்லை. அது முயலோடு துள்ளியது, ஏரிச்சேற்றில் உருண்டது. கேட்கக் கேட்க ஆள்காட்டியின் குரலும் அதற்குப் புரிய ஆரம்பித்தது.

"அம்மா, இது காக்காவுக்கும்மா!" என்று ஒருநாள் காதை நிமிர்த்திச் சொன்னது.

"சரியான வாயாடிக் குருவி. அது கத்துறதையெல்லாம் காதுல போட்டுக்காதே. நம்ம பழக்கத்தை விட்டுடக் கூடாது, தெரியுதா?"

"சரிம்மா" என்றது பொட்டு.

ஒருநாள் காலையில் தாயும் குட்டியும் தண்ணீர் குடிக்கக் கரைக்கு வந்தன. பொட்டு குனிந்து ஒரு வாய் குடித்திருக்கும். ஆள்காட்டி எழும்பியது. "டிட்டி டிட்டூ! டிட்டி டிட்டூ!" நிறுத்தவே இல்லை. மேலே, இன்னும் மேலே போய், கரையோரச் சூரைப்புதருக்கு நேர் மேலே வட்டம் போட்டது. முயல் எடுத்தது ஓட்டம்! கொக்குகள்கூடக் கிளம்பிவிட்டன.

"அம்மா! வட்டம் போடுதும்மா! ஓடலாம்மா!"

"நில்லு! ஏன் இப்படிப் பதறுறே? மந்தி கத்தலையே."

"இங்க மந்தி இல்லையேம்மா!"

"அப்போ ஆபத்தும் இல்லே. பேசாம நில்லு!"

ஆள்காட்டிக்குப் பொறுக்கவில்லை. வட்டத்தை விட்டுவிட்டு, பவளத்தின் காதருகே பாய்ந்து இறங்கியது. "ஓடுங்கக்கா! புதருக்குள்ள இருக்கான்! குட்டியைக் கூட்டிக்கிட்டு ஓடுங்க!"

"சீ, போ அந்தப் பக்கம்!" என்று பவளம் தலையைச் சிலுப்பியது.

பொட்டுவின் கால்கள் ஓடப் பார்த்தன. ஆனால் அம்மா நில் என்றுவிட்டாளே! நின்றது.

புதர் பிளந்தது. சிறுத்தை பாய்ந்தது. பவளம் ஒரே துள்ளலில் காற்றாய்ப் பறந்தது. ஏரியின் மறுகரையை எட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தது. பொட்டு வரவில்லை.

அன்றெல்லாம் பவளம் கரையைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டது. "பொட்டு! பொட்டு!" கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. சாயங்காலம் ஆள்காட்டி மெல்ல வந்து பக்கத்தில் இறங்கியது.

"நான் கத்தினேனேக்கா" என்றது கடைசியில்.

"கத்தினே தங்கச்சி. கேட்டுச்சு. பொட்டு ஓடலாம்னுதான் சொல்லுச்சு. நான்தான் நில்லுன்னேன். நான் பெத்த குட்டியை நானே பிடிச்சு நிறுத்தினேனே! பாவி, பாவி!" என்று பவளம் தரையில் முட்டி முட்டி அழுதது. ஆள்காட்டி இருட்டும்வரை கூடவே நின்றது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதைதான். பவளம் இப்போது ஆள்காட்டியின் எல்லாக் குரலையும் கற்றுக்கொண்டுவிட்டது. காக்காவுக்கு எது, கீரிக்கு எது என்று முயலைவிடத் தெளிவாகச் சொல்கிறது. சொல்லிக்கொடுக்கத்தான் பக்கத்தில் குட்டி இல்லை.

வந்து சேர்ந்த இடத்தின் பேச்சுக்குக் காது கொடுக்க மறுப்பவரின் பிடிவாதம், அவரைவிட அவரை நம்பி நிற்கும் பிள்ளைகளைத்தான் முதலில் பலி வாங்கும்.