இருபது கிலோமீட்டரில் நிற்கிற கார்

"எல்லாத்தையும் மாத்திட்டேன் மேஸ்திரி. பம்பு, பில்டர், பைப்பு. கார்புரேட்டர ரெண்டு தடவ கழட்டிக் கழுவியாச்சு. இன்னும் நிக்குது."

யேசுவடியானுக்கு நாற்பத்தெட்டு வயசு. அவன் மேஸ்திரி லில்லிபுஷ்பத்துக்கு முப்பத்தொன்று. மார்த்தாண்டத்தில் அவள் ஒர்க்‌ஷாப்பில் ரெண்டு வருஷமாகத் தொழில் படிக்கிறான். வயசைப் பார்த்தால் தொழில் வருமா?

கார் டாக்டரம்மாவுடையது. பழசு. இருபது கிலோமீட்டர் ஓடும், இருமும், நிற்கும். கால் மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

"வண்டி வந்தப்ப மொதல்ல என்ன சொன்னிய?" என்று லில்லிபுஷ்பம் கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

டாக்டரம்மாவின் டிரைவர் செல்லையன் பெட்ரோலை எடுத்து விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்குகிறான் என்று அன்று சொன்னது யேசுவடியான்தான். சோதிக்கவில்லை. மோந்துகூடப் பார்க்கவில்லை. எதிர்த்த டீக்கடையில் நின்று, பத்து பேர் காதில் விழச் சொன்னான். அன்று சாயங்காலமே செல்லையனுக்கு வேலை போயிற்று. ரெண்டு மாசம் ஆகிறது.

"இப்ப யாரு ஓட்டுதா?"

"டாக்டரம்மாதான்."

"அவங்களும் மண்ணெண்ணெய் கலக்குதாங்களோ?"

அவன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"வண்டிய எடுங்கண்ணே."

இருபது கிலோமீட்டர் ஓடி வில்லுக்குறி வந்ததும் கார் இருமி நின்றது. அவன் பானெட்டைத் திறக்க ஓடினான்.

"அங்க இல்ல. டேங்க் மூடியத் திருகுங்க."

திருகினான். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது, ரொம்ப நேரம் மூச்சடக்கிக் கிடந்த மாதிரி.

"இப்ப அடிங்க."

ஒரே அடி. ஸ்டார்ட்.

மூடியைத் திருப்பிப் பார்த்தான். காற்று உள்ளே வர அதில் ஒரு பொட்டுத் துளை உண்டு. காற்று வராவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாது. அந்தத் துளையை யாரோ பசை வைத்து நறுவிசாக அடைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. பெட்ரோல் வாடை அடிக்குதுன்னு டாக்டரம்மா மூக்கைப் பொத்தினப்ப, கெத்தா அடைச்சுக் கொடுத்தது அவனேதான். கார் நிற்க ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான்.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா மேஸ்திரி?"

"கேட்டிருந்தா பாத்திருப்பேன். நீங்க அன்னைக்குக் கேக்கல. சொன்னிய."

மூடியை வாங்கி ஒரு கம்பியால் பசையைக் குத்தி எடுத்தாள். பிறகு, "நானும் அன்னைக்கு அந்தக் கடையிலதான் டீ குடிச்சிட்டு நின்னேன்" என்றாள்.

திரும்பி வரும்போது ஸ்டியரிங்கை அவளே பிடித்தாள். ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை. செல்லையன் வீட்டு வாசலில் நிறுத்தினாள். அவள் இறங்கவில்லை.

செல்லையன் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். யேசுவடியான் நின்றபடியே எல்லாம் சொன்னான். துளை, பசை, காற்று.

"நீரு ஒரு சொட்டுகூட எடுக்கல. நான்தான் வே எல்லாத்துக்கும் காரணம்."

செல்லையன் கத்தியை நிறுத்தவே இல்லை.

"எங்கிட்ட எதுக்கு வே சொல்லுதீரு? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்."