தவமணி மாற்றிச் சொன்னது

பனிச்சறுக்குத் திடலின் வாசலில் பேருந்து நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகும் குரு நல்லசிவம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வந்தாச்சு, ஐயா," என்றாள் தவமணி.

"ம்."

அவர் தென்காசியில் தியான மன்றம் நடத்துபவர். தவமணி அவருடைய சீடர். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து, பல வருடங்களாக மன்றத்தைக் கவனித்துக்கொள்பவள். டெல்லியில் நடந்த முகாமின் கடைசி நாளில் அவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார். வந்திருந்தவர்கள் அதை மௌன உபதேசம் என்று எடுத்துக்கொண்டார்கள். பேச எதுவும் வராமல்தான் நின்றுபோனார் என்பது தவமணிக்குத் தெரியும். பிறகு அன்பர்கள் சிலர், மலைக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று இருவரையும் அனுப்பி வைத்தார்கள்.

வாடகைக்குக் கொடுத்த பூட்ஸ் கல்லாகக் கனத்தது. கணுக்கால் மடங்கவில்லை. நீளமான சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு இருவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். அதற்குள் மூச்சு வாங்கியது. எதிரே சின்னப் பிள்ளைகள் சர்ரென்று சறுக்கிப் போனார்கள்.

"அறைக்குப் போயிடலாமா, ஐயா? எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அறைக்குப் போனா படுத்துக்கிட்டு விட்டத்தைப் பாக்கணும். அதுக்கு இது தேவலை."

சொல்லிக்கொடுக்க ரீத்து என்ற பெண் வந்தாள். அவளுக்கு இந்தி மட்டும்தான் தெரியும். நல்லசிவத்துக்கு இந்தி தெரியாது. தவமணி நாக்பூரில் வேலை பார்த்தவள் என்பதால் அவளே இடையில் நின்று தமிழில் சொன்னாள்.

முதலில் தவமணியின் முறை.

"தப்பு," என்றாள் ரீத்து. "முழங்காலை மடக்குங்க. மறுபடியும் தப்பு. ஏன் தரையைப் பாக்கறீங்க?"

தவமணிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் சொன்னபடி செய்தாள். நாலைந்து முறை விழுந்தாள். அப்புறம் அந்தச் சின்னச் சரிவில் பலகைகளின் முனையைச் சேர்த்து, குதிகாலை அகட்டி, தானாகவே நின்றாள்.

அடுத்து நல்லசிவம் இறங்கினார். ரீத்து தலையை ஆட்டினாள்.

"முழுக்கத் தப்பு. பின்னால சாயறார். பயந்தா எல்லாரும் அப்படித்தான் சாய்வாங்க. ஆனா இப்படிச் சாஞ்சா இவரால நிக்கவே முடியாது. சொல்லுங்க."

நல்லசிவம் தவமணியைப் பார்த்தார்.

"நல்லா வருதாம், ஐயா. கொஞ்சம் முன்னாடி சாஞ்சா இன்னும் நல்லா இருக்குமாம்."

அவர் மறுபடியும் போனார். வேலி ஓரத்துப் பனிக்குவியலில் முட்டி நின்றார்.

"சொன்னதைக் கேக்கவே மாட்டேங்கறாரே," என்றாள் ரீத்து. "இன்னைக்கு முழுக்க இங்கேயே பழகட்டும். மேல் மேட்டுக்குப் போகவே கூடாது." சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் போய்விட்டாள்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?"

சறுக்குவதற்கு வரிசையில் நின்ற எல்லோரும் தங்களையே பார்ப்பதாகத் தவமணிக்குத் தோன்றியது.

"இங்கேயே பழகினா போதும்னு சொல்றாங்க, ஐயா. உங்க இஷ்டம்தானாம்."

"அப்படின்னா மேல ஒருதரம் போய்ப் பாக்கறேன்."

அவள் வழிவிட்டு ஒதுங்கினாள்.

மேட்டிலிருந்து அவர் பின்னால் சாய்ந்தபடியே வந்தார். வேகம் கூடிக்கொண்டே போனது. கீழே ஒரு பெண் குழந்தை பூட்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தது. அவருக்கு நிற்கத் தெரியவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டார். குழந்தைக்குச் சற்று முன்னால் கை மடங்கி விழுந்தார்.

ரீத்து ஓடிவந்து தவமணியிடம் சத்தம் போட்டாள். அதைத் தவமணி மொழிபெயர்க்கவில்லை.

முதலுதவி அறையில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எலும்பு முறியவில்லை. இருவரும் டீக்கடையில் போய் உட்கார்ந்தார்கள். டீ ஆறிப்போனது.

"அந்தப் பொண்ணு நிஜமா என்ன சொல்லுச்சு?" என்றார் நல்லசிவம்.

தவமணி சொன்னாள். முழுக்கத் தப்பு என்றதை, சொன்னதைக் கேட்க மாட்டேன் என்கிறார் என்றதை, மேலே போகக் கூடாது என்றதை, ஒன்று விடாமல் சொன்னாள்.

"உங்களைப் போய் நாலு பேர் முன்னால அப்படிச் சொல்ல மனசு வரலை, ஐயா. என்னாலதான் இப்படி ஆச்சு."

அவர் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"போன வருஷம் மன்றத்தை விட்டு நிறைய பேர் போனாங்களே. ஏன்னு உங்களைக் கேட்டேன்."

"ஆமா, ஐயா."

"ஒருத்தருக்கு வேலை மாறிடுச்சு, ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னீங்க."

அவள் தலை குனிந்தாள்.

"அவங்க என்ன சொன்னாங்க, தவமணி?"

வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. அவள் டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம், ஐயா. சொன்னா உங்களுக்கு வலிக்கும்."

நல்லசிவம் கண்ணைத் திறந்தார். கட்டுப் போட்ட கையை மெல்ல மேசைமேல் எடுத்து வைத்தார்.

"வலிக்கக் கூடாதுன்னுதானேம்மா காலையிலயும் மாத்திச் சொன்னீங்க?"