நிலைப்படிக்கு வெளியே

"கதவைத் திறக்க மறுப்பவரை எந்தக் குழுவில் சேர்ப்பது, மேடம்?"

இதைக் கேட்பதற்காகவே மனநல மருத்துவர் இளம்பரிதி, தென்காசியிலிருந்து தம் ஆசிரியரின் வீட்டுக்கு வந்திருந்தார்.

ஆசிரியர் டாக்டர் மங்களேஸ்வரி அடுப்பில் கருப்பட்டிக் காப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"முதலிலிருந்து சொல், பரிதி."

இளம்பரிதி சொன்னார். மனச்சோர்வுக்கான புதிய மாத்திரை ஒன்றை அவர் சோதித்துவந்தார். நோயாளிகளுள் ஒரு பாதியினருக்கு மருந்து. மறுபாதியினருக்கு அதே நிறத்தில், மருந்தில்லாத மாத்திரை. எவருக்கு எது என்பதை எவரும் அறியார். ஜைனம்பு என்னும் பணியாளர் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று, உறக்கத்தையும் பசியையும் வாழும் விருப்பத்தையும் பற்றிக் கேட்டுவருவார்.

இடையில் கணக்கிட்டபோது இரு பாதியினரும் ஒன்றுபோலத் தேறியிருந்தனர்.

"மாவு உருண்டையே போதும்போல, டாக்டர். மருந்துக் கடைக்காரர் பிழைப்பு என்னாவது?" என்று உடன் பணியாற்றுவோர் கேலி செய்தனர்.

இளம்பரிதி பிழையைத் தேடினார், கண்டும் பிடித்தார். ஜைனம்பு, கேள்விகளைக் கேட்டு முடித்ததும் திரும்பவில்லை. உட்கார்ந்தார். உலகம்மை என்னும் நோயாளியின் வீட்டில் காப்பியும் குடித்தார்.

"திருத்தினாயா?"

"திருத்தினேன். நிலைப்படியைத் தாண்டக் கூடாது, கேள்விகளைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்று விதி வகுத்தேன்."

அதன்பின் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. மருந்து உண்டவர்கள் தேறினர், மற்றவர்கள் சரிந்தனர். சோதனை முடிந்தது, மருந்து வென்றது. இப்போது எல்லாருக்கும் அம்மருந்தே தரப்படுகிறது. அதை வாங்கிக்கொள்ள உலகம்மை மட்டும் கதவைத் திறக்கவில்லை. அண்டை வீட்டார் சன்னலில் வைக்கும் சோறு சில நாள் உள்ளே போகிறது. சில நாள் அப்படியே இருக்கிறது. முடிவை எழுதும்போது அவரைத் தேறியோர் குழுவில் சேர்ப்பதா, சரிந்தோர் குழுவில் சேர்ப்பதா?

ஆசிரியர் அடுப்பை அணைத்தார். வெளியே போய், நிலைப்படிக்கு அப்பால் நின்றுகொண்டு கேட்டார்.

"நேற்று உறங்கினீர்களா?"

இத்தனை ஆண்டுகளில் ஆசிரியர் அவரை 'நீங்கள்' என்று விளித்ததே இல்லை.

"இல்லை, மேடம்."

"பசித்ததா?"

"இல்லை."

"வாழ்ந்து பயனில்லை என்று தோன்றியதா?"

இளம்பரிதி தலை கவிழ்ந்தார்.

"முந்தாநாள், உலகம்மையின் சன்னலருகே நின்றபோது..."

நிமிர்ந்து பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. கேள்விகள் முடிந்திருந்தன.

திறந்து கிடந்த கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிப்போயிற்று.

ஆசிரியர் திரும்பி வந்தபோது, இளம்பரிதி அவசரமாகப் பேசினார். அடுத்த ஆய்வை வேறு விதமாக அமைக்கலாம் என்றார். உடன் உட்கார்ந்து பேசுவதற்கென்றே தனிக் குழு ஒன்றை வைக்கலாம். அதன் பயனையும் அளக்கலாம்.

"செய். உலகம்மைக்கு?"

"நான் தட்டினால் திறக்கமாட்டார், மேடம். தட்டிப் பார்த்துவிட்டேன்."

"ஜைனம்பு தட்டினால்?"



"விதி வகுத்த பிறகும் அவர் அந்த வீட்டில் உட்கார்ந்தார். வேலையிலிருந்து நீக்கிவிட்டேன்."

"அவர் வீடு எங்கே?"

இளம்பரிதிக்குத் தெரியவில்லை.