வெளிப்படை என்று எழுதிய வரி

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் ஜெசிந்தா என்றொரு நெறியாளர் இருந்தார். அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தவர் பொன்னுரங்கம். குருவைவிடச் சீடருக்கு ஏழு வயது கூடுதல். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் குழப்பம் இருந்ததில்லை.

பொன்னுரங்கம் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். உதவித்தொகையை நம்பித்தான் வந்தார். அதை மேலும் ஓராண்டு நீட்டிப்பதா வேண்டாமா என்று வியாழக்கிழமை ஒரு குழு கூடி முடிவு செய்யும். நீட்டிக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு டியூஷன் சென்டருக்குப் போக வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பொன்னுரங்கம் நெறியாளரின் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், மூணாவது லெம்மாவுல ஓட்டை இருக்கு."

லெம்மா என்பது பெரிய தேற்றத்தைத் தாங்குகிற சின்னத் தேற்றம். அது விழுந்தால் மேலே இருப்பதும் விழும்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து. குழுவுல யாரும் அந்த அளவுக்கு நோண்ட மாட்டாங்க. 'இது வெளிப்படை'ன்னு எழுதிட்டுத் தாண்டிப் போயிடலாம். நீட்டிப்பு கிடைச்சதும் உட்கார்ந்து சரி பண்ணிடுவேன். போகலாமா, கூடாதா?"

கணிதக்காரர்கள் எங்கே 'வெளிப்படை', அதாவது நிரூபிக்கத் தேவையில்லை, என்று எழுதுகிறார்களோ அங்கேதான் உற்றுப் பார்க்க வேண்டும். இது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் எழுதிக்கொண்டும் இருந்தார்கள்.

"சாயங்காலம் பேச்சுப் பயிற்சி இருக்கு. வாங்க சார்," என்றார் ஜெசிந்தா.

உதவித்தொகை பெறும் ஆய்வாளர்கள் வாரம் ஒருநாள் கூடுவார்கள். ஒருவர் பலகையில் எழுதிப் பேச, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். நாளைக்கு மாநாட்டிலும் நேர்காணலிலும் நிற்க வேண்டியவர்கள், இங்கேயே பழகட்டும் என்று துறை செய்த ஏற்பாடு. பொன்னுரங்கம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"ஆயுசுல பாதி பலகை முன்னாடியே நின்னவன் மேடம். எனக்கு எதுக்கு?"

"அதனாலதான் வரச் சொல்றேன்."

சாயங்காலம் போனார். நன்றாகவே பேசினார். குரல் கணீரென்று இருந்தது, எழுத்து வரிசை தப்பவில்லை. மூன்றாவது லெம்மா வந்தது. 'இது வெளிப்படை' என்று எழுதிவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டு மேலே பேசினார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது," என்றார் கடைசி வரிசையில் இருந்த ஜெசிந்தா.

பொன்னுரங்கம் தள்ளி நின்றார். இன்னொரு வரி எழுதினார். பேச்சு சூடு பிடித்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

"தள்ளி, சார்."

தள்ளினார். மறுபடியும் வந்தார்.

முதலாண்டு ஆய்வாளர் பர்ஹானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, அங்கேயே வந்து வந்து நிக்கிறீங்களே. சட்டையெல்லாம் சாக்பீஸு."

திரும்பிப் பார்த்தார். அந்த வரியில் பாதி அழிந்திருந்தது. அவர் முதுகே அழித்திருந்தது.

"வேணும்னு நிக்கல மேடம்."

"தெரியும். பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் நிப்பீங்களா?"

"இல்ல. அங்க ஓரமாத்தான் நிப்பேன். பிள்ளைங்களுக்குத் தெரியணுமே."

சொல்லிவிட்டு நிறுத்தினார். வெட்கமாக இருந்தது. டஸ்டரை எடுத்து 'வெளிப்படை'யில் மிச்சமிருந்ததையும் துடைத்தார். பலகையின் ஓரத்துக்குப் போனார்.

"இந்த இடத்துல எனக்குத் தெரியல," என்றார்.

அதுவரை தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எந்த நிபந்தனையை விட்டால் உடைகிறது என்று பர்ஹானா கேட்டாள். பொன்னுரங்கம் ஓர் எடுத்துக்காட்டைப் போட்டார். அதில் லெம்மா நின்றது. வேறொருவர் எழுந்து வந்து இன்னொன்றைப் போட்டார். அதில் விழுந்தது. கதவைப் பூட்ட ஆள் வந்து நின்றபோதும் ஓட்டை அடைபடவில்லை. ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை குழுவின் அறைக்கு வெளியே பொன்னுரங்கம் ஜெசிந்தாவிடம் கேட்டார். "இதைச் சொல்லி, அவங்க இல்லன்னுட்டா?"

"வெள்ளிக்கிழமை வந்து லெம்மாவைப் பாருங்க."

"உதவித்தொகை இல்லாமலா?"

"கஷ்டம்தான். ஆனா ஓட்டை அங்கேயேதானே சார் இருக்கும்."

உள்ளே கூப்பிட்டார்கள். பொன்னுரங்கம் பலகையின் ஓரத்தில் நின்று தொடங்கினார். மூன்றாவது லெம்மா வந்ததும் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதினார்.

"இதுக்கு முன்னாடி இருக்கிறதெல்லாம் நிரூபிச்சாச்சு. இந்த வரியை இன்னும் நிரூபிக்கல. இந்த வகைக்கு நிக்குது. இந்த வகைக்கு விழுது. நடுவுல இருக்கிற வகைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியல."

நின்ற இடத்தைவிட்டு அவர் நகரவில்லை.

குழுவின் தலைவர் வெளியூர்ப் பேராசிரியர், கறாரான ஆள். அவர் ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தான் பேசினார். ஆனா முடிக்கலைன்னு அவரே சொல்றாரே மேடம். முடிக்காத வேலைக்கு இன்னொரு வருஷம் எப்படிக் கொடுக்கிறது?"

"முடிச்சிருந்தா எதுக்கு சார் இன்னொரு வருஷம்?" என்றார் ஜெசிந்தா.

தலைவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு பொன்னுரங்கத்தைக் கேட்டார். "சரி, அடுத்த வருஷம் எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?"

பொன்னுரங்கம் ஓரத்தில் நின்றபடியே கையை நீட்டி, அந்த வரியின் கீழே ஒரு கோடு போட்டார்.