கூடைக்குள் போன சூப்பிரண்டு போன்

பல்கலைக்கழகத்தில் பரீட்சை முடிகிறவரைக்கும் தற்காலிக வேலை, அதுவும் காலையில் மட்டும். கைக்குழந்தைக்காரி சுகந்திக்கு அது சாமி பார்த்துக் கொடுத்தது. மத்தியானம் வீட்டுக்கு ஓடிப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிடலாம். மண்டபத்து வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் போனை வாங்கிக் கூடையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் போனோட உள்ள விடாதே. விட்டா அன்னிக்கே உன் சீட்டு கிழிஞ்சிடும்" என்று முதல் நாளே மிரட்டி வைத்தார் சூப்பிரண்டு ஏகாம்பரம்.

மறுநாள் அவரே போனோடு வந்தார். சுகந்தி கூடையை நீட்டினாள்.

"என்கிட்டயேவா? வழிய விடு. இல்லேன்னா இப்பவே வீட்டுக்குப் போ!"

விட்டாலும் வேலை போகும், விடாவிட்டாலும் போகும். பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பின்னால் தேர்வு அதிகாரி அம்மாவும் வந்து நின்றார்.

சுகந்தி தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "விட்டுடறேங்க ஐயா. எனக்கு உத்தரவு போட்டது சூப்பிரண்டு ஐயா. போன்தான் உங்க கையில இருக்கே, அவருக்கு அடிச்சு, விடலாம்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலில் தன் போனைக் கூடையில் போட்டார். "நீங்களும் போடுங்க ஏகாம்பரம். அடுத்த பரீட்சைக்கும் இந்தப் பொண்ணே இருக்கட்டும்."

ஏகாம்பரம் போட்டார்.

பரீட்சை முடிந்ததும் சுகந்தி அவர் போனை முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. நீங்க மட்டும் அவ்வளவு அழுத்திச் சொல்லலேன்னா, உங்கள உள்ள விட்டிருப்பேன். என் வேலையும் போயிருக்கும்."