ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது

மாவு மில்லுக்கு மேலே ஒரு அறை. கீழே மில் ஓடினால் மேலே மேசை அதிரும். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம், மாவு அரைக்காத ஊர் ஏது.

அந்த அறையில் நல்லம்மை என்று ஒருத்தி இருந்தாள். கணினியில் இருக்கும் எழுத்தைக் கண் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை எழுதினாள். அதற்குக் கிளி என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டாள். காசு கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் பொன்னுரங்கம். அவளுக்குப் பத்து வயது மூத்தவர். மற்ற நாளெல்லாம் ஒரு அலுவலகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் இங்கே. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். கிளியைப் புதுப்பிப்பதும், அதைக் கணினியில் ஏற்றும் முறையைக் குறிப்பாக எழுதிப் போடுவதும், வருகிற புகாருக்குப் பதில் போடுவதும் இப்போது அவர் பொறுப்பு.

அன்றைக்குச் செருப்பைக் கழற்றும்போதே கொதித்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சவரிமுத்துவைத் தடை பண்ணிடப் போறேன் டீச்சர்.”

“என்ன எழுதினார்?”

“‘கிளி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது’ன்னு எழுதினார். ‘குறிப்பில் உள்ளபடி செய்யவும், என் கணினியில் நன்றாக ஓடுகிறது’ன்னு பதில் போட்டேன். மறுபடியும் அதையே எழுதினார். ‘திரையில் வரும் பிழைச் செய்தியை அனுப்பவும்’னேன். அனுப்பல. புகாரை மூடிட்டேன். இப்ப இதைப் பாருங்க.”

போனை நீட்டினார். நல்லம்மை வாசித்தாள்.

‘புதன்கிழமை எனக்குப் பரீட்சை. பாடத்தைப் படிச்சுக் காட்டிக்கிட்டிருந்த அக்கா மகள் கல்யாணமாகிப் போயிட்டா. உங்க கிளியை நம்பினேன். குருடனை ஏமாத்தத்தான் இலவசம்னு போட்டீங்களா? நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?’

“வேலை முடிஞ்சு வந்து, பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை பேச நேரமில்லாம இதைச் செய்யறேன். காசு வாங்கினவனை ஏசட்டும். சும்மா குடுக்கறவன் எதுக்கு டீச்சர் ஏச்சு வாங்கணும்? எத்தனையோ பேர் எடுத்திருக்காங்க, ஒருத்தர் வாயைத் திறக்கல. இவருக்கு மட்டும் ஓடலையாம்.”

நல்லம்மை எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு பழைய மடிக்கணினியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“நேத்துதான் இதுல எல்லாத்தையும் அழிச்சேன். கிளியை ஏத்துங்க. உங்க குறிப்பை நான் வாசிக்கிறேன்.”

“இது ஒரு வேலையா? இப்ப முடிச்சுடறேன்.”

“முடிங்க,” என்றவள், கை நீட்டித் திரையின் வெளிச்சத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டாள். திரை கருத்துப் போயிற்று.

“என்ன டீச்சர் இது?”

“யாராவது போன்ல உங்க குறிப்பை வாசிக்க, சவரிமுத்து கேட்டுக் கேட்டுத்தான் தட்டியிருப்பார். நீங்களும் தட்டுங்க.”

அவள் வாசித்தாள். அவர் விரலால் தடவித் தடவித் தட்டினார். கடைசி வரியும் முடிந்து எண்டரை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். கீழே மில் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது,” என்றார்.

“குறிப்பில் உள்ளபடி செய்யவும்.”

“நீங்க வாசிச்சபடிதானே செஞ்சேன்.”

“என் கணினியில் நன்றாக ஓடுகிறது.”

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தட்டினார். மறுபடியும் அதே கதை.

“எங்க தப்புன்னு பாக்கணும். வெளிச்சத்தைப் போடுங்க.”

“திரையில் வரும் பிழைச் செய்தியை அனுப்பவும்.”

“திரைதான் தெரியலையே.”

“பதில் வரல. புகாரை மூடிட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

பொன்னுரங்கம் மேசையில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

“என்னதான் நினைச்சுக்கிட்டிருக்க நீ? ஆளை உக்கார வச்சு முட்டாளாக்கறியா? இதெல்லாம் ஒரு பொழப்பா?”

இத்தனை காலத்தில் அவர் அவளை நீ என்றதில்லை.

“சவரிமுத்து நீங்கன்னுதான் எழுதியிருக்கார்,” என்றாள் நல்லம்மை. குரல் உயரவில்லை. ஆனால் அவளும் கோபமாகத்தான் இருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

திரைக்கு வெளிச்சம் கொடுத்தாள். ஒரே ஒரு வரி அங்கே நின்றுகொண்டிருந்தது. ‘ஒலித் துணை நிரல் இல்லை.’

விஷயம் இவ்வளவுதான். கிளிக்குச் சொந்தமாகத் தொண்டை கிடையாது. வேறு யாரோ எழுதிய துணை நிரல் ஒன்றுதான் அதற்குத் தொண்டை. குரல் இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று போன தடவை புதுப்பிக்கும்போது பொன்னுரங்கம் சேர்த்தது அது. அவர் கணினியில் வேறு எதற்கோ முன்பே ஏற்றி வைத்திருந்தார், அதனால் அவருக்கு ஓடியது. குறிப்பில் அதன் பெயரை எழுத மறந்திருந்தார். அது இல்லாத கணினியில் கிளி வாயைத் திறக்காது. தொண்டை இல்லை என்பதைத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். புகாரின் அடியில் சவரிமுத்து தன் நம்பரைப் போட்டிருந்தார், முதல் புகாரிலேயே.

“யாரு?”

“கிளியிலேருந்து பேசறேன்.”

“எந்தக் கிளி? ஓ, ‘என் கணினியில் நன்றாக ஓடுகிறது’. அவரா?”

பொன்னுரங்கம் அதை விழுங்கிக்கொண்டார். “ஒரு வரி சொல்றேன். கணினியில தட்டுங்க.”

எழுத்து எழுத்தாகச் சொன்னார். எதிர்முனையில் விசை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் ஒரு புதுக் குரல், ‘பாடம் ஒன்று’ என்றது. தொடர்ந்து படித்துக்கொண்டே போனது. அதற்கு மேலே சவரிமுத்து குரல் எழுப்பினார்.

“இந்த ஒரு வரிக்கா என்னை இவ்வளவு அலைய வச்சீங்க? முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?” என்றார். போனை வைத்துவிட்டார்.

பொன்னுரங்கத்தின் முகம் சிவந்துபோயிற்று.

“பாத்தீங்களா டீச்சர். தப்பு என் மேலதான், ஒத்துக்கறேன். உங்களை அப்படிப் பேசினதும் தப்பு. குறிப்பை இப்பவே திருத்திடறேன். துணை நிரல் இல்லேன்னா ஒரு மணிச் சத்தமாவது வர மாதிரி செஞ்சுடறேன். ஆனா அந்த மனுஷன் வாயிலேருந்து ஒரு நன்றி வருதா? மத்தவங்கல்லாம் இருக்காங்களே, எவ்வளவு மரியாதையா, வாயைத் திறக்காம எடுத்துட்டுப் போனாங்க.”

கீழே மில்லை நிறுத்தியிருந்தார்கள். மேசை அசையாமல் இருந்தது.

“ஆமாண்ணே,” என்றாள் நல்லம்மை. “அவங்களுக்கும் போன் போட்டு இந்த வரியைச் சொல்லிடுங்க. நம்பர் இருக்கா?”