நண்டுக்குழியார் புயலை அளந்த கதை

கடல் ஒரு பக்கம், உப்பங்கழி மறு பக்கம், நடுவில் நண்டுக்குழி. அந்த ஊர் ஜனங்கள் பெரியவர்கள் பேச்சைத் தட்டவே மாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த தொல்லையும் அது ஒன்றுதான்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, கிராம அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வானம் கருத்துக் கிடந்தது.

"புயல் வருது. காத்து வலுத்ததும் எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும். அதோ, அந்தத் தென்னையைப் பாத்துக்கிட்டே இருங்க. அது வளைஞ்சா காத்து வலுத்துடுச்சுன்னு அர்த்தம். உடனே கிளம்பிடுங்க. ஒருத்தர்கூடப் பின்தங்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" என்றது ஊர்.

அவரும் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். பாவம், நம்பித்தான் போனார்.

வடிவாம்பாளுக்குத்தான் அவசரம். அவளுடைய ஆடு சிட்டு நிறைசினை. இன்றைக்கோ நாளைக்கோ குட்டி போடும். அவள் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் பற்றவில்லை. இனி சிட்டு கறக்கப் போகிற பாலைத்தான் நம்பியிருந்தாள். அவள் குடிசைக் கூரையோ சல்லடை. மழைக்குள் குட்டி போட்டால் ஆடும் பிழைக்காது, குட்டியும் பிழைக்காது. வலி எடுக்கும் முன்னே அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அவள் கவலை அவ்வளவுதான்.

ஊர் நாட்டார் கூத்தபெருமாள் பஞ்சாயத்தைக் கூட்டினார்.

"தென்னை வளைஞ்சா என்னாய்யா அர்த்தம்?"

"புயலுக்குப் பலம் வந்துடுச்சுன்னு அர்த்தம், நாட்டாரே" என்றான் வடிவாம்பாளின் புருஷன் சடையன்.

"அப்ப வளையலேன்னா?"

சடையன் தலையைச் சொறிந்தான். ஊரே சேர்ந்து சொறிந்தது. "பலம் வரலேன்னு அர்த்தம்."

"அப்படிப் போடு! அப்ப எல்லாம் நம்ம கையிலேதான்யா இருக்கு!"

நங்கூரக் கயிறுகளைக் கொண்டுவந்தார்கள். நாலு பக்கமும் முளை அடித்து, தென்னையின் கழுத்திலிருந்து கயிறு கட்டி இழுத்து முறுக்கினார்கள். போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி விறைத்து நின்றது மரம்.

மத்தியானம் காற்று வந்தது. முதலில் மீன்கூடைகள் பறந்தன. நாட்டார் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "வளையலே. சாதாரணக் காத்துதான்."

அடுத்து நாட்டார் வீட்டுக் கூரை பறந்தது. "வளையலே."

கடைசியில் நாட்டார் இடுப்பிலிருந்த கைலியே பறந்துவிட்டது. வெறும் டவுசரோடு நின்றபடி தீர்ப்புச் சொன்னார்: "வளையலே. கொஞ்சம் குளுமையான காத்து, வேற ஒண்ணுமில்லே."

அதற்குள் சிட்டு முனக ஆரம்பித்தது. பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்தது. வடிவாம்பாளுக்கு நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். ஆனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாட்டாரிடம் வந்தாள்.

"மாமா, ஆடு முக்குது. நான் மட்டுமாவது போயிடறேனே."

"நல்லா இருக்கே! நீ முன்னாடி போயிட்டா நாங்க பின்தங்கினவங்களா ஆயிட மாட்டோம்? மரம் வளையட்டும் புள்ளே, சேந்து போவோம்."

"மரத்தைத்தான் கட்டிப் போட்டிருக்கீங்களே."

"அதனாலேதான் புயல் அடங்கி நிக்குது. அவுத்துவிட்டா ஊரு தாங்குமா?"

யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வலி எடுத்த ஆடு நியாயம் பார்க்குமா? எதற்கும் தயாராக இருப்போம் என்று சிட்டைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நிறைவயிறு ஒரு பக்கமாக அழுத்தியதில் அவள் தலை தோளோடு ஒட்டிச் சாய்ந்துவிட்டது. சாய்ந்த தலையோடு தென்னையைப் பார்த்தாள்.

"ஐயய்யோ மாமா! மரம் வளைஞ்சுடுச்சு!"

"எங்கே? நேராத்தானே நிக்குது?"

"என்னை மாதிரி தலையை வச்சுக்கிட்டுப் பாருங்க."

நாட்டார் தலையைச் சாய்த்தார். சடையன் சாய்த்தான். ஊரே சாய்த்தது. பார்த்தவர்களுக்கு உயிரே போய்விட்டது.

"அடியாத்தே! மரத்தை விடுங்கய்யா, கடலே சாஞ்சு கிடக்கு! தண்ணி கொட்டிடப் போவுது, ஓடுங்க!" என்று அலறினார் நாட்டார்.

ஓடினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சடையன் கடைசியாக வந்தான். 'பின்தங்கிட்டேனே, சார் திட்டுவாரே' என்று எல்லாரையும் முந்தி ஓடினான். உடனே அவனுக்கு முன்னால் வந்தவர் கடைசி ஆள் ஆகிவிட்டார். அவரும் பதறிப்போய் முந்தினார். இப்படிக் கடைசி ஆள் முந்த முந்த, நண்டுக்குழி மொத்தமும் மூச்சிரைக்கப் பள்ளிக்கூடத்துக்குள் போய் விழுந்தது. கதவைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. வாத்தியார் மேசைக்கு அடியில் சிட்டு நோகாமல் இரண்டு குட்டி போட்டது.

மறுநாள் காலை அதிகாரி ஓடோடி வந்தார். ஓர் உயிருக்கும் சேதமில்லை என்று பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சரியான நேரத்துலே கிளம்பியிருக்கீங்க!" என்று நாட்டார் கையைப் பிடித்துக் குலுக்கினார். எப்படி என்று விவரம் கேட்கவில்லை. கேட்காததே அவர் உடம்புக்கு நல்லது.

"இப்ப புயல் எங்கே சார் இருக்கு?" என்று மெல்லக் கேட்டாள் வடிவாம்பாள்.

"கடலை விட்டுக் கரையேறி மேற்கே போயிடுச்சும்மா. இனிமே பயமில்லே."

அவர் போனதும் நாட்டார் வெகுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டு.

"அட மடப்பயலுவளா! புயல் நேத்து எங்கே இருந்துச்சு?"

"நம்ம ஊருக்குள்ளே."

"அப்ப கடல்லே?"

"கடல்லே ஏது? அதான் கரையேறிடுச்சே."

"பாத்தியா! கடல் காலியாக் கிடந்திருக்கு. அதை விட்டுட்டு மேட்டைப் பாத்து ஓடியிருக்கோம்! அடுத்த தடவை அது ஊருக்குள்ளே காலை வச்சதும், நாம நைசாக் கடலுக்குள்ளே போயிடணும்."

இவ்வளவு நல்ல யோசனை தங்களுக்கு முன்பே தோன்றவில்லையே என்று எல்லாரும் வெட்கப்பட்டார்கள். வடிவாம்பாள் முகம் மட்டும் வாடிப்போயிற்று.

"மாமா, சிட்டுக்கு நீச்சல் தெரியாதே. ரெண்டு பச்சைக்குட்டி வேற."

"அதுக்கென்ன, இன்னையிலேருந்தே பழக்கு புள்ளே."

சாயங்காலம் ஆட்டையும் குட்டிகளையும் கடற்கரைக்குக் கொண்டுபோனாள். குட்டி போட்ட உடம்பைத் தண்ணீரில் இறக்க மனசு வரவில்லை. அதனால் ஈர மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையைக் காலை அடித்து நீந்திக் காட்டினாள். சிட்டு அவள் முந்தானையை மென்றுகொண்டே கவனித்தது. குட்டிகள் இரண்டும் தள்ளாடித் தள்ளாடி வந்து அவள் முதுகில் ஏறி நின்றன.

"இங்க வந்து பாருங்களேன்!" என்று சடையனைக் கூப்பிட்டாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "அதுக்குள்ளே மிதக்கக் கத்துக்கிச்சுங்க!"